எங்கட ஸ்கூல்ட வரலாற்றை எங்கயிருந்து பிடிச்சு எழுதுறது? (தெகிவளை - இரத்மலானைப் பக்கம், தமிழ் மீடியம்)

தெகிவளைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

நான் படிச்சது தெகிவளைக்கும் இரத்மலானைக்கும் நடுவில, காலி வீதியில இருந்து உள்ளுக்குப் போற ஒரு ஒழுங்கையில இருக்கிற அரசாங்கத் தமிழ் ஸ்கூல். பேர் இங்க போடேல்ல, மலர்க்குழுவில இன்னும் கதைச்சு முடியேல்ல, அதுக்கு முதல் பொதுவில பேர் வாறது சரியில்ல எண்டு நினைக்கிறன். ஒண்டாம் ஆண்டில இருந்து ஏ.எல் வரைக்கும் நான் அங்கதான், அப்பாவும் அங்கதான் படிச்சவர், இப்ப என்ர மகள் நாலாம் ஆண்டு. 75ஆவது ஆண்டு வருது எண்டு பழைய மாணவர் சங்கம் ஒரு மலர் போடுது, அதில பாடசாலை வரலாறு எழுதுற வேலையை என்னட்டத் தந்திட்டினம்.

பழைய மலர் ரெண்டு கிடக்கு. ரெண்டிலயும் வரலாறு எண்டு இருக்கிறது ஒண்டரைப் பக்கம், அதிபர்மாரின்ர பேர், அவை இருந்த ஆண்டு, எந்தக் கட்டடத்தை எந்த அமைச்சர் வந்து திறந்தவர், அவ்வளவுதான். அதுக்குள்ள ஆண்டும் ஒத்து வரேல்ல. கேற்றில இருக்கிற போர்ட்டில 1951. 80கள்ல வந்த மலர்ல 1948. ஒபிஸ்ல இருக்கிற காணி பைல் ஒண்டில 1961. ஆரிட்டக் கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கதை சொல்லுகினம், ஒரு ஐயா கொட்டில்ல தொடங்கின எண்டார், இன்னொரு அம்மா இல்ல ஒரு வீட்டு விறாந்தையில தான் எண்டா.

அதைவிட எனக்கு மனசுக்குள்ள கிடந்து அரிக்கிறது வேற. அப்பா படிக்கேக்க வகுப்பில 40 பேர், அதில சிங்களப் பேர் உள்ள தமிழ் பேசுற பிள்ளைகளும் இருந்தது, முஸ்லிம் பிள்ளைகள் கன பேர், ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகள். நான் 90கள்ல படிக்கேக்க வகுப்பில முக்கால்வாசி யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பில இருந்து வந்த பிள்ளைகள். முந்தி இருந்த ஆக்கள் எங்க போனவை? மலர்ல அதைப்பற்றி ஒரு வரி இல்ல. 83 எண்ட சொல்லே (ஜூலையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரம்) ரெண்டு மலர்லயும் இல்ல.

எங்க தேடலாம்? என்னத்தைப் பாக்கலாம்? எந்த ஆண்டைப் போடுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. நாலு மாசம்தான் கையில இருக்கு.

ஓய்வு டீச்சர்:

வணக்கம் தம்பி. நான் 30 வருசத்துக்கு மேல கொழும்பிலயும் புறநகரிலயும் படிப்பிச்சு ஓய்வு பெற்றனான், ரெண்டு ஸ்கூல்ல பிரதி அதிபராவும் இருந்தனான். உங்கட ஸ்கூல் எதெண்டு எனக்கு ஊகிக்க ஏலும், ஆனா நானும் பேர் சொல்லேல்ல.

முதல்ல அதிபரிட்டக் கேட்டு ரெண்டு புத்தகத்தை எடுங்கோ. ஒண்டு சம்பவத் திரட்டு, லொக் புக் எண்டு சொல்லுறது. மற்றது சேர்விடாப்பு. இந்த ரெண்டும் இல்லாம எழுதிற பாடசாலை வரலாறு எல்லாம் விழா மேடைப் பேச்சு மாதிரித்தான் வரும், நான் கோவத்தில சொல்லேல்ல, அப்பிடி எழுதின ரெண்டு கட்டுரைக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறன், இப்ப நினைச்சா கவலையா இருக்கு.

லொக் புக் எண்டது அதிபர் தன்ர கையால எழுத வேண்டிய புத்தகம். ஆர் புதுசா கடமை ஏற்றது, ஆர் மாறிப் போனது, வித்தியாதரிசி, அதாவது பாடசாலைப் பரிசோதகர், எண்டைக்கு வந்தார், என்ன குறை சொன்னார், மழைக்கு எந்தக் கூரை போனது, அம்மை நோய் வந்து எத்தினை நாள் பூட்டினது, எல்லாம் அதில வரும். வெள்ளைக்காரன் காலத்தில 1869-ல பொதுப் போதனைத் திணைக்களம் வந்து, அதுக்குப் பிறகு பாடசாலைகளுக்குப் பணம் குடுக்கிறதே பரிசோதனையைப் பார்த்துத்தான் எண்டு இருந்தது, அதால எழுதி வைக்கிற பழக்கம் அண்டைக்கே ஊறிப் போன ஒண்டு. பழைய அதிபர்மார் சில பேர் இதில அழகா எழுதுவினம், சில பேர் ரெண்டு சொல்லோட விட்டிடுவினம். ரெண்டுமே ஒரு சாட்சிதான் தம்பி. முதல் புத்தகத்தின்ர முதல் பக்கத்தில எண்டைக்குத் தொடங்கினது, எத்தினை பிள்ளைகள் வந்தது எண்டு அநேகமா இருக்கும்.

சேர்விடாப்பு இன்னும் பெரிசு. சேர்விலக்கம், பேர், பிறந்த திகதி, சமயம், தாய் தகப்பன் இல்லாட்டிப் பாதுகாவலர் பேர், விலாசம், முந்திப் படிச்ச பாடசாலை, சேர்ந்த நாள், கடைசியில விலகின நாளும் விலகின காரணமும். நீங்கள் கேட்டீங்களே அந்த ஆக்கள் எல்லாம் எங்க போனவை எண்டு, அதுக்கு விடை அந்தக் கடைசி நிரல்ல தான் இருக்கு. ஒரு கொப்பி எடுத்து ஆண்டு வாரியா எண்ணுங்கோ. எத்தினை பேர் சேர்ந்தது, எத்தினை பேர் விலகினது, ஏன். விலாசத்தையும் பாருங்கோ, லயன், குவாட்டர்ஸ், கடை மேல்மாடி, உறவுக்காரர் வீடு எண்டு மாறி மாறி வரும். முந்திப் படிச்ச பாடசாலை எண்ட நிரல்ல 90களுக்கு வந்தீங்கள் எண்டா கிளிநொச்சி, சாவகச்சேரி, பருத்தித்துறை எண்டு நிறைஞ்சிருக்கும், 95 ஒக்ரோபர்ல யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்ததுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளை எனக்கு இப்பவும் முகம் முகமா ஞாபகம் இருக்கு, விடுகைப் பத்திரம் இல்லாம வந்து நிண்ட பிள்ளைகள், சில பிள்ளைகளிட்டப் பிறப்புச் சான்றிதழ்கூட இல்ல.

கறையான் பிடிச்சிருந்தா இழுத்துப் பிரிக்காதையுங்கோ. வெயில்ல காயப் போடாதையுங்கோ, நிழல்ல காத்துப் பட வையுங்கோ.

சுவடிக்கூடத்துக்காரன்:

டீச்சர் சொன்னதோட சேர்த்து ஆண்டுக் கதையை மட்டும் நான் சொல்லுறன், ஏனெண்டா 1948, 1951, 1961 எண்டு நீங்கள் போட்ட உடனேயே எனக்கு விளங்கிட்டுது, மூண்டுமே சரியா இருக்கலாம், மூண்டும் மூண்டு வேற விசயத்தின்ர ஆண்டு.

அந்தக் காலத்தில கொழும்புப் புறநகர்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் எப்பிடி வருமெண்டா, ஊர்ப் பெரியாக்கள் நாலைஞ்சு பேரோ ஒரு கோயில் சபையோ மிஷனோ சேர்ந்து ஒரு கொட்டிலோ வீடோ பிடிச்சு ஒரு வாத்தியாரை வைச்சுத் தொடங்குவினம், அது ஒரு ஆண்டு. பிறகு பிள்ளைகள் தொகை கூடி கட்டடம் ஒழுங்கா இருக்கு எண்டு திணைக்களம் ஏற்றுப் பதிஞ்சு உதவி நன்கொடை தரத் தொடங்கினா அது இன்னொரு ஆண்டு, வாத்தியார்மாருக்குச் சம்பளம் அரசாங்கத்தில இருந்து வரும், ஆனா முகாமையாளர் எண்டு ஒருத்தர் சபைப் பக்கத்தில இருந்துதான் நடத்துவார். 1939ஆம் ஆண்டு 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ இது நடந்தது. அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி 1945 ஒக்ரோபர்ல நடைமுறைக்கு வந்த பிறகு இப்பிடியான சின்னப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் கூடினது, அதால 1948-ல கொட்டில்ல தொடங்கி 1951-ல பதிவு எண்டது நல்லாப் பொருந்துது.

பிறகு 1960. சிறிமாவோ அரசாங்கம், கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தால 1960 டிசம்பர் 1ஆம் திகதியில இருந்து உதவி பெறும் பாடசாலைகளின்ர முகாமை அரசாங்கத்துக்குப் போனது. பெரிய பாடசாலைகள் விரும்பினா தனியா நிக்கலாம், ஆனா பிள்ளைகளிட்டக் கட்டணம் வாங்க ஏலாது, அரசாங்கப் பணமும் இல்ல. சின்னதுகளுக்கு அந்தத் தெரிவே இல்ல. அதுக்குப் பிறகு 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டம், அது காணியையும் கட்டடத்தையும் அரசாங்கத்துக்கு உரித்தாக்கினது. உங்கட ஒபிஸ்ல காணி பைல்ல 1961 கிடக்கிறது அநேகமா இதால தான். அந்த உரித்தாக்கும் கட்டளைகள் வர்த்தமானியில வந்தது, காணியின்ர எல்லை, ஏக்கர் றூட் பேர்ச் எல்லாம் போட்டு. அதைப் பிடிச்சீங்கள் எண்டா முந்தி ஆர் காணி வைச்சிருந்தது எண்டும் வந்திடும், கட்டுரையில அவையளை மறக்காதையுங்கோ, ஏனெண்டா போர்ட்டில இருந்து அவையளின்ர பேர் அண்டைக்கே எடுபட்டுப் போயிருக்கும்.

ஆண்டு ரெண்டு இருக்கிறதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. உங்களுக்குப் பக்கத்தில கல்கிசை சென் தோமஸ் 1851-ல முகத்துவாரத்தில தொடங்கி 1918-ல தான் இப்ப இருக்கிற இடத்துக்கு வந்தது, அவை ரெண்டையும் சொல்லுகினம். நீங்களும் மூண்டையும் சொல்லுங்கோ, எது எதின்ர ஆண்டு எண்டு சொல்லுங்கோ.

தேடுற இடம்: கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில தேசிய சுவடிகள் கூடம், முந்தி றீட் அவனியூ. அடையாள அட்டையோட போங்கோ. பழைய வர்த்தமானி, கல்விப் பணிப்பாளரின்ர ஆண்டறிக்கைகள், பேப்பர்கள் அங்க இருக்கு. வீரகேசரி 1930-ல இருந்தும் தினகரன் 1932-ல இருந்தும் வருது, பரிசளிப்பு விழா, புதுக் கட்டடத் திறப்பு எல்லாம் அந்தக் காலப் பேப்பர்ல சின்னச் செய்தியா வரும், ஆனா திகதி தெரியாமப் போனா நாள்க்கணக்கா இருந்து புரட்ட வேணும், அதால லொக் புக்கில திகதிகளை முதல்ல எடுத்துக்கொண்டு போங்கோ. வெள்ளவத்தையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலயும் பாருங்கோ, சங்கம் 1942-ல தொடங்கினது, மலர்கள் கிடைக்கும். நூலகம் இணையத்தளத்தில பாடசாலை மலர்கள் ஏராளம் ஏத்தியிருக்கினம், வீட்டில இருந்தே பாக்கலாம், உங்கட பக்கத்து ஸ்கூல் மலர்ல உங்கட ஸ்கூல் பற்றி வரி கிடைக்கக் கூடும்.

திகதி இல்லாத கடிதம், படம் கையில வந்தா இப்பிடிப் பிடியுங்கோ. கடிதத் தலைப்பில தெகிவளை கல்கிசை நகரசபை எண்டு இருந்தா 1959க்கு முந்தினது, அந்த ஆண்டுதான் மாநகரசபை ஆனது. சீல்ல ஸ்ரீ லங்கா எண்டு இருந்தா 1972 மே 22க்குப் பிந்தினது. எஸ்.எஸ்.சி எண்ட சோதினைப் பேர் இருந்தா ஜி.சி.ஈ (ஓ.எல், ஏ.எல்) வர முந்தின காலம். என்.சி.ஜி.ஈ எண்டு இருந்தா 70கள்ட நடுப்பகுதி, 1972-ல வந்த சீர்திருத்தத்தால ஓ.எல்லை எடுத்துப்போட்டு 1975-ல முதல்தரம் அந்தச் சோதினை வைச்சவை, 77-ல ஆட்சி மாறின பிறகு பழையபடி ஓ.எல் வந்திட்டுது. இதில கவனம், அந்த சீர்திருத்தக் காலத்தில வகுப்பு எண்ணுற முறையும் மாறினது, அதால ஒரு ஐயா நான் 9ஆம் வகுப்போட விட்டனான் எண்டு சொன்னா அவர் குறைஞ்ச படிப்பு எண்டு நினைச்சு எழுதிப் போடாதையுங்கோ, அவர் சோதினை எடுத்து முடிச்சவரா இருப்பார்.

ஹில் ஸ்ட்ரீட் நானா:

எங்கட வாப்பாவும் பெரியப்பாவும் அந்த ஸ்கூல்ல தான் படிச்ச, நான் நினைக்கிற ஸ்கூல் தான் எண்டா. அந்த டைம் தெகிவளைல எங்கட ஆக்கள் தமிழ் மீடியம் எண்டா கிட்ட ஈந்த ஸ்கூலுக்குத் தான் போற, இது தமிழ் ஸ்கூல் அது முஸ்லிம் ஸ்கூல் எண்டு பெருசா பாக்கல்ல. வாப்பா சொல்லுவார் ஒரு ஐயர் மாஸ்டர் கணக்குப் படிச்சுக் குடுத்தாராம், நோன்பு காலத்தில எங்கட பிள்ளைகள வெயில்ல டிரில்லுக்கு எடுக்க வாணாம் எண்டு அவரே போய் ஹெட்மாஸ்டர்ட சொல்லி வெச்சாராம். பொறகு முஸ்லிம் ஸ்கூல் எண்டு தனியா வகுத்து, நோன்புக்கு லீவு குடுக்கிற தவணை வேற எண்டு வந்த பொறகு சின்னாக்கள அங்க போட்ட. அது நல்லதுக்குத் தான் செஞ்ச, சமயப் பாடத்துக்கு மௌலவி ஈந்தார், பொம்பளப் பிள்ளைகள் கூட நாள் படிச்ச. ஆனா வாப்பாட கூட்டாளிமார் எல்லாம் அந்தப் பழைய ஸ்கூல் தான், மையத்து வீட்டுக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் அவங்க.

அந்த ஐயர் மாஸ்டர்ட பேர் வாப்பாட ரிப்போர்ட் கார்ட்ல ஈக்கும், உம்மாட அலுமாரில தேடிப் பாத்து போட்டோ புடிச்சு அனுப்புறேன். மலர்ல எங்கட ஆக்கள் படிச்ச எண்டு ஒரு பக்கமாவது போடுங்க. அத மட்டும் தான் கேக்குறேன்.

ரயில்வே குவாட்டர்ஸ்:

டீச்சர் சொன்ன அந்த விலகின காரணம் நிரலப் பத்தி நானும் ஒண்ணு சொல்றேன். எங்க தாத்தா இரத்மலானை ரயில்வே வேர்க்ஷொப்ல வேல. அம்மா அந்த ஸ்கூல்ல ஏழாம் வகுப்பு வரைக்கும் படிச்சாங்க. அம்மாவோட ஒரே பெஞ்சில இருந்த ரெண்டு பேரு அடுத்தடுத்து இந்தியாவுக்குப் போயிட்டாங்க. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால இந்திய வம்சாவளித் தமிழர நாடில்லாம ஆக்கினாங்க, அப்புறம் 1964-ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர இந்தியா எடுக்கணும், 3,00,000 பேருக்கு இங்க குடுக்கணும்னு எழுதிக்கிட்டாங்க. எல்லாரும் அத தோட்டத்துக் கதைன்னு தான் நினைக்கிறாங்க. தெகிவளையிலயும் வெள்ளவத்தையிலயும் ரயில்வேயிலயும் மில்லுலயும் நகரசபையிலயும் வேல செஞ்ச குடும்பங்களுக்கும் அதே தான் நடந்திச்சு. கோட்டையில ராத்திரி தலைமன்னார் மெயில் ஏறி, அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம். அம்மா ஸ்டேசனுக்குப் போயி வழியனுப்பினாங்களாம், அந்தப் பிள்ளைக்கு ஒரு ஜொமெட்ரி பொக்ஸ் குடுத்தாங்களாம். அதுக்கப்புறம் ஒரு கடிதம் வந்திச்சு இந்தியாவில மண்டபம் கேம்ப்ல இருந்து, பிறகு ஒண்ணும் இல்ல.

அம்மா இப்ப படுக்கையில. அந்த இடாப்பில அவங்க பேரு இருக்கான்னு பாத்து சொல்ல முடியுமா தம்பி? பேரும் பிறந்த வருசமும் தனியா மெசேஜ்ல அனுப்புறேன்.

வெள்ளவத்தை வாசி:

83 பற்றிக் கேட்டிருந்தீங்கள். நான் அந்த ஸ்கூல்ல அப்ப 10ஆம் ஆண்டு. இதை இங்க எழுதோணுமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சிட்டுத் தான் எழுதுறன்.

ஜூலை 25 திங்கக்கிழமை, நாங்கள் வழமை போல ஸ்கூலுக்குப் போனம். முதல் நாள் இரவு பொரளைப் பக்கம் தொடங்கினது எங்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில போன் இருக்கிற வீடு எத்தினை. ரெண்டாம் பாடம் நடக்கேக்க புகை தெரிஞ்சுது. டீச்சர்மார் கேற்றைப் பூட்டினவை, பிறகு தாய் தகப்பன் வரவர ஒவ்வொரு பிள்ளையாக் கையில பிடிச்சுக் குடுத்தவை. தகப்பன் வராத பிள்ளைகளை பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒராள் பின் மதிலால எடுத்துத் தன்ர வீட்டுக்குள்ள வைச்சவ, நானும் அதில ஒராள். அவ எங்களுக்குச் சோறும் பருப்பும் தந்தா, கதைக்க வேண்டாம் எண்டு வாயில விரல் வைச்சுக் காட்டினா. இரவு அப்பா வந்து சேர்ந்தார், எங்கட வீடு இல்ல எண்டு அப்பதான் தெரியும்.

நாங்கள் இரத்மலானை எயார்போர்ட் ஹாங்கர்ல இருந்தம். சீமெந்து நிலம், ஆயிரக்கணக்கில சனம், மழை வேற. அங்க எங்கட ஸ்கூல் பிள்ளைகளைக் கண்டன், எங்கட சயன்ஸ் மாஸ்டரையும் கண்டன், ஒரு சாரத்தோட இருந்தார், என்னைக் கண்டிட்டு முதல் கேட்டது வகுப்பில மற்ற ஆக்களை ஆரையும் கண்டனியோ எண்டு. ஒரு கடதாசியில பேர் எழுதிக்கொண்டே திரிஞ்சவர். பிறகு கன பேர் லங்கா கல்யாணிக் கப்பல்ல காங்கேசன்துறைக்குப் போச்சினம், மாஸ்டரும் அதில தான் போனவர். நாங்கள் போகேல்ல, அப்பாவுக்கு இங்க வேலை, அதோட அவருக்கு யாழ்ப்பாணத்தில வீடும் இல்ல.

ஸ்கூல் திரும்பத் திறந்தாப் பிறகு போனன். எங்கட வகுப்பில 38 பேர் இருந்தம். முதல் நாள் வந்தது 11 பேர். கிளாஸ் டீச்சர் இடாப்பு மார்க் பண்ணேக்க ஒவ்வொரு பேராக் கூப்பிட்டவ, பதில் வராத பேருக்கும் கொஞ்ச நேரம் நிண்டு நிண்டு தான் அடுத்த பேருக்குப் போனவ. வகுப்பு முடியிற வரைக்கும் ஆரும் ஒண்டும் கதைக்கேல்ல.

அந்தச் சிங்கள அம்மாவின்ர வீடு இப்பவும் இருக்கு, பேரப்பிள்ளைகள் இருக்கினம். அவவைப் பற்றியும் எழுதுங்கோ, அவையளிட்டக் கேட்டிட்டு.

மலர்க்குழு ஆள்:

நானும் பழைய மாணவன்தான், நிதிப் பக்கம் பாக்கிறன். அண்ணா எழுதினதை வாசிச்சுக் கண் கலங்கிப் போச்சு. ஆனாலும் என்ர பயத்தைச் சொல்லுறன். மலர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும், விழாவுக்கு அமைச்சர் ஒராள் வருவார், இப்ப ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைகளும் அதை வாசிக்கும். பழைய காயத்தைப் பிள்ளைகளிட்ட நாங்களே குடுக்கிறமோ எண்டு யோசிக்கிறன். அதிபருக்கும் ஒரு கரைச்சல் வரக்கூடாது. 83க்கு ஒரு பந்தி, அசாதாரண சூழ்நிலை காரணமாகப் பாடசாலை சில வாரம் மூடப்பட்டது எண்டு போட்டு விட ஏலாதோ?

ஓய்வு டீச்சர்:

தம்பி, உங்கட பயம் நியாயமான பயம், நானும் பிரதி அதிபராக இருந்து அந்தப் பயத்தோட தான் எத்தினையோ அறிக்கை எழுதினனான். ஆனா அசாதாரண சூழ்நிலை எண்டு போட்டா அந்தச் சிங்கள அம்மா எங்க வருவா? பேர் எழுதிக்கொண்டு திரிஞ்ச மாஸ்டர் எங்க வருவார்? நடந்ததை நடந்த மாதிரி எழுதினா அதில கோவத்தைவிட நன்றி தான் கூட வரும். ஆர் செய்தது எண்டு தீர்ப்பு எழுத வேண்டாம், அது எங்கட வேலை இல்ல. அண்டைக்கு இந்தக் கேற்றுக்குள்ள என்ன நடந்தது, எத்தினை பிள்ளைகள் இருந்தது, எத்தினை பிள்ளைகள் திரும்பி வந்தது, அதைப் போடுங்கோ. பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

இன்னொண்டு. சேர்விடாப்பில இருக்கிற பிள்ளைகளின்ர பேர், விலாசம், பிறந்த திகதி ஒண்டையும் மலர்ல அச்சடிக்காதையுங்கோ, அது குடும்பங்களின்ர சொந்த விசயம். எண்ணிக்கையை மட்டும் போடுங்கோ. கதை சொல்ல விருப்பமான ஆக்கள் தாங்களா வந்து சொன்னா அவை விரும்பின பேர்ல போடுங்கோ.

தெகிவளைப் பொடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மூண்டு கிழமையாப் பதில் போடாததுக்கு மன்னிக்கோணும், அதிபரிட்ட அனுமதி எடுத்து சனிக்கிழமைகள்ல ஸ்கூல்ல தான் இருந்தன்.

லொக் புக் நாலு கிடைச்சது. முதலாவது இல்லை, ரெண்டாவதில இருந்து தான் இருக்கு, ஆனா சேர்விடாப்பு முதலாவது இருக்கு, மட்டை போயிட்டுது, உள்ளுக்கு மை மங்கேல்ல. சேர்விலக்கம் 1 ஒரு பெண்பிள்ளை, 1951 பெப்ரவரி. ஆனா முந்திப் படிச்ச பாடசாலை எண்ட நிரல்ல முதல் 26 பிள்ளைகளுக்கும் "இதே இடம்" எண்டு எழுதியிருக்கு. அதாவது பதிய முதலே அந்தப் பிள்ளைகள் அங்க இருந்து படிச்சிருக்குது! சுவடிக்கூட அண்ணா சொன்ன மாதிரி 1948 பொய் இல்ல எண்டு அந்த ரெண்டு சொல்லுக் காட்டுது. வர்த்தமானி தேட வாற புதன் லீவு போட்டிருக்கிறன்.

வகுப்பு வாரியா இல்ல, ஆண்டு வாரியா எண்ணத் தொடங்கினன், மனுசியும் மகளும் உதவி, மகள் ஒவ்வொரு பேரையும் வாசிக்க நான் கோடு போட்டன். 60கள்ட கடைசியில இருந்து 70கள் முழுக்க விலகின காரணத்தில "இந்தியா செல்வதால்" எண்டது 112 இடத்தில வருது. மகள் கேட்டாள் ஏன் அப்பா இவ்வளவு பேரும் டூர் போனவை எண்டு. இருந்து விளங்கப்படுத்தினன். ரயில்வே குவாட்டர்ஸ் அக்கா, உங்கட அம்மாவின்ர பேர் இருக்கு, பக்கத்தில பாதுகாவலர் கையெழுத்து உங்கட தாத்தாவினது தான் எண்டு நினைக்கிறன், தமிழ்ல நல்ல கொட்டை எழுத்து. படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறன். அம்மாவின்ர பேருக்கு மூண்டு வரி கீழயும் எட்டு வரி கீழயும் இருக்கிற ரெண்டு பிள்ளைகள் இந்தியா எண்டு இருக்கு, அவை தானோ எண்டு அம்மாட்டக் கேளுங்கோ.

83. லொக் புக்கில ஜூலை 25க்கு அதிபர் எழுதினது ஒரே ஒரு வரி, பிள்ளைகளைக் காலையிலேயே பாதுகாவலரிட்ட ஒப்படைச்ச நேரமும், கடைசிப் பிள்ளை போன நேரமும். கடைசிப் பிள்ளை போன நேரம் இரவு 7.40. அவ்வளவு நேரமும் அவர் அங்க இருந்திருக்கிறார். அதுக்குப் பிறகு அரைப் பக்கம் வெறுமையா விட்டிருக்கு. அந்தப் புத்தகத்தில வேற எங்கயும் அப்பிடி இடம் விடேல்ல, கடதாசியை மிச்சம் பிடிச்சு எழுதுற மனுசன். மலர்க்குழுத் தம்பிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினன், அவர் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருந்திட்டு அண்ணை இதைப் படமாவே போடுவம் எண்டார். அதிபரும் சரி எண்டிட்டா.

வெள்ளவத்தை அண்ணா, அந்த வீட்டுக்குப் போனன். பேரன் எங்கட வயசு. ஆச்சி சொன்ன கதை அவங்கட வீட்டிலயும் இருக்கு, பிள்ளைகள் ஏழு பேர் எண்டு அவர் சொன்னார், நீங்கள் எத்தினை பேர் எண்டு ஞாபகம் இருக்கோ? நீங்கள் ஒருக்கா வந்தா அவருக்குச் சந்தோசம், போன் நம்பர் தனியா அனுப்புறன். ஹில் ஸ்ட்ரீட் நானா, ரிப்போர்ட் கார்ட் படம் கிடைச்சது, மாஸ்டரின்ர கையெழுத்து லொக் புக்கில இருக்கிற கையெழுத்தோட ஒத்து வருது, அவர் 1957-ல கடமை ஏற்றவர். உங்கட பக்கத்தை நீங்களே எழுதித் தாங்கோ, வாப்பா சொன்ன மாதிரியே.

நூலகம் இணையத்தளத்துக்கு ஸ்கான் பண்ணிக் குடுக்கிறது பற்றிக் கதைச்சிட்டன், மலர்கள் ரெண்டும் குடுக்கலாம், இடாப்புக் குடுக்கேல்ல. இப்ப எனக்கு இன்னும் தேவைப்படுறது 1948 - 51 கொட்டில் காலத்தில படிச்ச ஆராவது. சேர்விலக்கம் 1 முதல் 26 வரைக்கும் இருக்கிற ஆக்களுக்கு இப்ப 80 தாண்டியிருக்கும். தெகிவளை, களுபோவில, நெதிமால, அத்திடிய, இரத்மலானைப் பக்கம் உங்கட வீட்டில அந்த வயசில ஆராவது இருந்தா தயவுசெய்து கேட்டுப் பாருங்கோ, நான் வீட்டுக்கே வாறன். வாற சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஸ்கூல் லைப்ரரியில திரும்ப இருப்பம், கோடு போட ரெண்டு பேர் கூட இருந்தா 90களையும் முடிச்சிடலாம்.